பதிப்பு 13 முடிவதற்குள்: சேலம் சர்வர் நாட்குறிப்பு

6 அக்டோபர் 2025

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 13ஆம் பதிப்புக்கு நவம்பர் 13தான் கடைசி. அதன்பிறகு பாதுகாப்புத் திருத்தம் வராது. சேலம் தலைமை அலுவலகத்தில் எஸ்டேட் ஈஆர்பி (இருப்பு, கூலி, கணக்கு எல்லாவற்றையும் பார்க்கும் மென்பொருள்) இன்னும் அதில்தான் ஓடுகிறது. அடியில் இருப்பது சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ்; அதன் ஆயுள் 2024 ஜூன் 30லேயே முடிந்துவிட்டது. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கினால் லாட் பதிவு, ஆள் கணக்கு, கூலிப் பட்டுவாடா எல்லாம் இந்த ஒரு டேட்டாபேஸில்தான் வந்து விழும். அதற்குள் ராக்கி லினக்ஸ் 9, போஸ்ட்கிரெஸ் 18 என்று மாறியாக வேண்டும்.

முதல் வேலை, எந்தப் புத்தகத்தை எதற்குத் திறப்பது என்று பிரிப்பது. ரெஃபரன்ஸ் மேனுவல் ஒரு செட்டிங் என்ன செய்யும் என்று சொல்லும். எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்லாது. அந்த வரிசைக்கு அட்மின் கைடு. எது உடையும் என்று தெரிய ரிலீஸ் நோட்ஸ். ஐபிஎம் ரெட்புக் மாதிரி களத்தில் வேலை செய்தவர்கள் எழுதும் நூல்கள், இரண்டு மூன்று மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டும்போது மிகவும் உதவும். ஆனால் அவற்றில் பதிப்புரிமைப் பக்கத்தை முதலில் பார்க்க வேண்டும். ‘இந்தப் பதிப்பு இன்ன வெர்ஷனுக்குப் பொருந்தும்’ என்று அங்கே ஒரு வரி இருக்கும். நம் வெர்ஷன் அதில் இல்லையென்றால் கருத்தை எடுத்துக்கொள்ளலாம், கட்டளையை எடுக்கக்கூடாது.

ஏன் என்பதற்கு உதாரணம் கையிலேயே இருக்கிறது. பேக்கப்பிலிருந்து மீட்க ‘ரிகவரி.கான்ஃப்’ என்ற ஃபைலை எழுதச் சொல்லும் நூல்கள் இன்னும் பலர் அலமாரியில் உண்டு. பதிப்பு 12லேயே அந்த ஃபைலை எடுத்துவிட்டார்கள். இப்போது அது டேட்டா டைரக்டரியில் இருந்தால் சர்வர் எழும்பவே எழும்பாது. செட்டிங்கெல்லாம் பொதுக் கான்ஃபிக்குப் போய், ‘ரிகவரி.சிக்னல்’ என்ற காலி ஃபைல் வைத்தால் போதும் என்றாகிவிட்டது. டேட்டா போன இரவில் பழைய நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இந்த இடத்திலேயே விடிந்துவிடும்.

9 அக்டோபர்

13லிருந்து 18க்கு ஒரே தாவாகத் தாவலாம். ரிலீஸ் நோட்ஸை அப்படித் தாவக்கூடாது. 14, 15, 16, 17, 18 ஐந்தின் மைக்ரேஷன் பகுதியையும் வரி வரியாகப் படித்து, நம் சிஸ்டத்தில் எங்கே இடிக்கும் என்று பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போக வேண்டும். இன்று குறித்தவை:

14ல் புதிதாக வைக்கும் பாஸ்வேர்டு ஸ்க்ராம் என்ற பாதுகாப்பு முறையில் சேமிக்கப்படும். எம்டி5 என்ற பழைய முறையில் உள்ளவை அப்படியே வேலை செய்யும். ஆனால் யாராவது பாஸ்வேர்டை மாற்றிய அன்றைக்கு, பழைய டிரைவர் (டேட்டாபேஸோடு பேசும் மென்பொருள்) போட்ட எடைமேடை கம்ப்யூட்டர் உள்ளே நுழைய முடியாமல் நிற்கும். அப்கிரேடு முடிந்து பல வாரம் கழித்து வெடிப்பதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்க மாட்டார்கள். டிரைவரை இப்போதே மாற்றிவிட வேண்டும். 18ல் எம்டி5 கைவிடப்படும் பட்டியலுக்கு வந்துவிட்டது.

15ல் பேக்கப் தொடங்கும் ஃபங்ஷனின் பெயர் மாறியது: ‘பிஜி ஸ்டார்ட் பேக்கப்’ போய் ‘பிஜி பேக்கப் ஸ்டார்ட்’. ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்ற பழைய எக்ஸ்க்ளூசிவ் பேக்கப் முறையே எடுக்கப்பட்டுவிட்டது. இது வெறும் பெயர் மாற்றம் இல்லை. தொடங்கிய கனெக்‌ஷனை முடியும்வரை திறந்தே வைத்திருக்க வேண்டும். தொடங்க ஒரு கனெக்‌ஷன், முடிக்க வேறொன்று என்று எழுதிய பழைய ஸ்கிரிப்டில் பெயரை மட்டும் மாற்றினால் பேக்கப் செல்லாது.

அதே 15ல் பப்ளிக் ஸ்கீமாவில் (டேபிள்களுக்கான பொதுப் பகுதியில்) எல்லோரும் டேபிள் உருவாக்கும் அனுமதி போனது. இது பலரைப் பயமுறுத்துகிறது. அடுத்த வரியையும் படித்தால் பயம் தீரும். அப்கிரேடு செய்த டேட்டாபேஸில் பழைய அனுமதி அப்படியே தொடரும், புதிதாக உருவாக்குவதில்தான் மாற்றம்.

16ல் புரொமோட் டிரிகர் ஃபைல் (வைத்தாலே நகல் சர்வரை மெயினாக்கும் ஃபைல்) இல்லை. சேலம் மெயின் சர்வரைப் பின்தொடரும் ஏற்காடு நகல் சர்வரை மெயினாக ஏற்றும் ஸ்கிரிப்ட் அதைத்தான் நம்பியிருக்கிறது. மாற்ற வேண்டும்.

14 அக்டோபர்

இந்த மாற்றத்தில் மிக ஆபத்தானது போஸ்ட்கிரெஸில் இல்லை, லினக்ஸில் இருக்கிறது. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் 2.28ல் மாறியது. சென்ட்ஓஎஸ் 7ல் இருப்பது 2.17, ராக்கி 9ல் 2.34. பழைய விதிப்படி அடுக்கிய இண்டெக்ஸை (தேடலுக்கான பட்டியலை) அப்படியே கொண்டுவந்து புதிய விதிப்படி தேடினால், இருக்கும் ரெக்கார்டு இல்லை என்று பதில் வரும்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். 1-1 என்று ஒரு வரி, 11 என்று ஒரு வரி. லொகேல் அமெரிக்க ஆங்கிலம் யூடிஎஃப்-8 என்று வைத்து சார்ட் கட்டளைக்குக் கொடுத்தால், பழைய சர்வரில் 11 முதலில் வரும், 1-1 பிறகு. புதியதில் 1-1 முதலில். நம் காப்பி லாட் எண்கள் எல்லாமே இப்படி நடுவில் கோடு போட்டவைதான். தேடும்போது லாட் கிடைக்காது. கிடைக்காததால் மறுபடி ஏற்றுவார்கள். ஒரே எண் இருமுறை வராமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸும் அதே குழப்பத்தில் இருப்பதால் தடுக்காது. ஒரே லாட் இரண்டாகி, இருப்புக் கணக்கு தவறும். எர்ரர் எதுவும் வராது.

டம்ப் (டேட்டாவை முழுதாக வெளியே எழுதி வைப்பது) எடுத்து மீட்டால் இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்படும், இந்தச் சிக்கலே இல்லை. நேரம் தாங்காத அளவு பெரிய டேட்டாபேஸ் என்பதால் ஃபைலாகவே நகர்த்துகிறோம். ஆகவே டெக்ஸ்ட் நெடுவரிசை உள்ள எல்லா இண்டெக்ஸையும் ரீஇண்டெக்ஸ் (புதிதாகக் கட்டுதல்) செய்வது கட்டாயம். முன்னும் பின்னும் இண்டெக்ஸ் சரியா என்று பார்க்கும் ஆம்செக் எக்ஸ்டென்ஷனால் பரிசோதிக்கலாம். வார்னிங் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது: டேட்டாபேஸின் கொலேஷன் (வரிசை விதி) வெர்ஷனைக் குறித்து வைப்பதே 15லிருந்துதான். 13லிருந்து வருகிறவர்களுக்கு ஒப்பிடப் பழைய குறிப்பு கிடையாது.

இதே காரணத்தால் ஏற்காடு நகலும் ராக்கி 9க்கு மாற வேண்டும். மெயின் ஒரு ஜிலிப்சி, நகல் வேறொரு ஜிலிப்சி என்று ஓட்டினால் ரிப்போர்ட் எடுக்கிறவர்களுக்குத் தப்பாகவே போகும்.

17 அக்டோபர்

மலையில் மழை. எஸ்டேட் ஆபீஸிலிருந்து காலையிலேயே போன்: “சார், லைன் மறுபடியும் போயிடுச்சு.” நகலுக்கான இணைப்பு அறுந்தால் ஆபத்து சேலம் டிஸ்க்குக்கு. நகல் எதுவரை வாங்கியது என்று குறித்து வைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட், அது இன்னும் வாங்காத வால் (WAL, மாற்றங்களின் பதிவு) ஃபைல்களை அழிக்க விடாது. ஒரு ஃபைல் 16 எம்பி. ஆர்க்கைவ் டைம்அவுட் (ஃபைல் நிரம்பாவிட்டாலும் அடுத்ததற்கு மாறும் நேரம்) 60 விநாடி என்று வைத்திருந்தால், கொஞ்சம் வேலை நடந்தாலும் நிமிடத்துக்கு ஒன்று. நாளுக்கு 1,440 ஃபைல், ஏறக்குறைய 22.5 ஜிபி. மூன்று நாள் லைன் இல்லையென்றால் டிஸ்க் நிரம்பி மெயின் சர்வரே நின்றுவிடும்.

மேனுவலில் இதற்கான செட்டிங் ‘மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்’. டீஃபால்ட் -1, அதாவது எல்லையே இல்லை. 40 ஜிபி வைத்திருக்கிறோம். எல்லை தாண்டினால் ஸ்லாட்டின் நிலை ‘லாஸ்ட்’ (தொலைந்தது) ஆகிவிடும், ஆர்க்கைவிலும் அந்த ஃபைல்கள் இல்லையென்றால் நகலைப் புதிதாகக் கட்ட வேண்டும். மெயின் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். கைடில் இந்த இரண்டு வரியும் வெவ்வேறு அத்தியாயத்தில் கிடக்கும். சேர்த்துப் படிப்பது அட்மினின் வேலை.

21 அக்டோபர்

தீபாவளிக்கு மறுநாள், ஆபீஸ் காலி. டெஸ்ட் சர்வரில் ஒத்திகை. பிஜி அப்கிரேடு என்ற பதிப்பு மாற்றும் கருவியைப் புதிய பதிப்பின் பைனரியிலிருந்து, முதலில் ‘செக்’ ஆப்ஷனோடு மட்டும் ஓட்ட வேண்டும். பழைய சர்வர் ஓடிக்கொண்டிருந்தாலும் இது செய்யலாம்.

செக்சம் (டேட்டா கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) பொருந்தவில்லை என்று நின்றது. எதிர்பார்த்ததுதான். 18லிருந்து இனிட்டிபி என்ற கருவி தானாகவே செக்சமோடு கிளஸ்டரை (டேட்டாபேஸ் தொகுப்பை) உருவாக்கும். பழையதில் செக்சம் கிடையாது. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அப்கிரேடு நடக்கும். வழி இரண்டு. புதியதைச் செக்சம் இல்லாமல் உருவாக்கலாம். அல்லது பழையதை முறையாக நிறுத்திவிட்டு ‘பிஜி செக்சம்ஸ்’ கருவியால் செக்சமை இயக்கலாம். இரண்டாவதைத்தான் எடுத்தோம். டிஸ்க் கெட்டால் சீக்கிரம் தெரிய வேண்டும். எல்லா ஃபைலையும் ஒருமுறை படித்து எழுதும் நேரத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

‘லிங்க்’ ஆப்ஷன் ஃபைலைக் காப்பி செய்யாமல் ஹார்ட்லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) போடுவதால் சில நிமிடத்தில் முடிகிறது. இரண்டு டைரக்டரியும் ஒரே ஃபைல்சிஸ்டத்தில் இருக்க வேண்டும். புதிய சர்வரை ஒருமுறை எழுப்பிவிட்டால் பழையதை நம்பித் திரும்பப் போக முடியாது என்று கைடில் எச்சரிக்கை இருக்கிறது. நம் திட்டத்தின் வடிவமே அந்த ஒரு வரியால்தான் தீர்மானமானது: பழைய சென்ட்ஓஎஸ் மெஷினைத் தொடாமல் நிறுத்தி வைப்பது, அதன் டேட்டாவின் பிரதியில் மட்டும் அப்கிரேடு செய்வது.

பதிப்பு 18, தேடும் வழியைத் தேர்ந்தெடுக்க உதவும் ஆப்டிமைசர் கணக்குகளையும் கூடவே கொண்டுவருகிறது. முன்பெல்லாம் அந்தக் கணக்குகளைப் புதிதாக எடுக்கும் அனலைஸ் முடியும்வரை ரிப்போர்ட்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். ‘கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ போட்டு உருவாக்கியவை மட்டும் வராது. வேக்யூம்டிபி என்ற கருவியை விடுபட்டவற்றுக்கு மட்டும் ஓட்ட ஆப்ஷன் உண்டு.

29 அக்டோபர்

நைட் டியூட்டி பார்ப்பவருக்கான ரன்புக் (படிப்படியான வேலைக் குறிப்பு) தயார். கட்டளைகள் கைடில் உள்ளபடி; ஏன் செய்கிறோம், என்ன பதில் வர வேண்டும், வராவிட்டால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் தமிழில். நெட் போனால் ஆன்லைன் மேனுவலும் போய்விடும் என்பதால் 13, 18 இரண்டின் பிடிஎஃப்பும் லேப்டாப்பில், ரன்புக் மட்டும் பேப்பரில், ரேக் கதவுக்கு உள்பக்கம்.

திரும்பிப் போகும் எல்லை: ரீஇண்டெக்ஸ் முடிந்து ஆம்செக் சுத்தமாக வரும்வரை ஈஆர்பியைத் திறக்கக்கூடாது. காலை ஐந்து மணிக்குள் அது முடியவில்லையென்றால் புதியதை நிறுத்திவிட்டுப் பழைய மெஷினை எழுப்ப வேண்டும். பயனர் ஒருவர் புதியதில் ஒரு லாட்டைப் பதிந்துவிட்டால்கூட, பழையதுக்குப் போகும்போது அந்தப் பதிவு போய்விடும். அதனால் அந்த ஐந்து மணியைத் தள்ளிப்போடும் உரிமை நைட் டியூட்டிக்காரருக்கும் இல்லை, மேலாளருக்கும் இல்லை என்று ரன்புக்கின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். ஏற்காடு நகலை மறுநாள் பேஸ் பேக்கப் (முழு டேட்டாவின் பிரதி) எடுத்துக் கட்டுவோம்; லைன் மெதுவாக இருந்தால் பேக்கப்பை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி ஜீப்பில் மேலே அனுப்பிவிடலாம்.