பிரெஞ்சு பிரஸ்: அழுத்தாமல் போடும் காபி

பிரெஞ்சு பிரஸ்ஸில் காபி போடும் முயற்சி ஒரு கட்டத்துக்கு வந்துவிட்டது. கடைசி வாய் வரை ஒரே சுவை. நாக்கில் பொடி நெருடுவதில்லை. இதுவரை மாற்றிப் பார்த்தவற்றில் எது பலன் தந்தது என்பதைக் குறித்து வைக்கிறேன்.

கருவி மிக எளியது: ஒரு கண்ணாடிக் குடுவை, மேலும் கீழும் நகரும் கம்பி, அதன் நுனியில் உலோகச் சல்லடை. பெயரில் பிரான்ஸ் இருந்தாலும், இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு நெருக்கமான ஒன்றுக்கு 1929-இல் காப்புரிமை பெற்றவர்கள் அட்டிலியோ கலிமானி, ஜூலியோ மொனேட்டா என்ற இரு இத்தாலியர்கள். காகித வடிகட்டியில் தங்கிவிடும் காபி எண்ணெய் இந்தச் சல்லடை வழியாகக் கோப்பைக்கு வந்துவிடும். இந்தக் காபியின் கனத்துக்கும் வழவழப்புக்கும் அதுவே காரணம். அந்த எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்னும் பொருள் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டக்கூடியது என்பதால், அந்தத் தொல்லை உள்ளவர்கள் தினமும் குடிக்க இது ஏற்றதல்ல.

முதலில் கை வைத்தது அரைப்பில். கத்தி சுழலும் அரைவை இயந்திரம் கொட்டையை வெட்டித் தள்ளும். தூளும் வரும், பெரிய துண்டும் வரும். தூளிலிருந்து கசப்பு சீக்கிரம் இறங்கிவிடும், பெரிய துண்டோ சாறு முழுவதும் இறங்காமல் புளிப்போடு நின்றுவிடும். இரண்டும் ஒரே கோப்பையில் சேர்ந்தால் எவ்வளவு நல்ல கொட்டையும் எடுபடாது. பற்களுக்கிடையே நசுக்கி அரைக்கும் கையரைவைக்கு மாறியபோது கிடைத்த முன்னேற்றம் வேறு எந்த மாற்றத்திலும் கிடைக்கவில்லை. காசு செலவழிப்பதென்றால் குடுவையை விட அரைவைக்கே செலவழிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு நன்றாகக் கரகரப்பாக அரைக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அதைவிட ஒரு படி நைசான நடுத்தரக் குருணைதான் பிடித்திருக்கிறது. இனிப்பு கூடுகிறது, புளிப்பு அடங்குகிறது.

அளவு, அரை லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம். கரண்டிக் கணக்கை விட்டுத் தராசுக்கு வந்துவிட்டேன். கருக வறுத்த கொட்டை உப்பி எடை குறைந்திருக்கும்; அதே கரண்டியில் இள வறுவல் அதிக எடை பிடிக்கும். இளவறுவலுக்குக் கொதித்து இறக்கிய தண்ணீரை உடனே ஊற்றுகிறேன். கருவறுவலுக்குச் சற்று ஆறவிட்டு, 90 டிகிரி செல்சியஸ் அளவில்.

இனிதான் முக்கியமான பகுதி. தண்ணீர் விட்டதும் பொடி மேலே எழும்பி ஒரு தடித்த ஆடையாகப் படியும். புதிதாக வறுத்த கொட்டை என்றால், உள்ளே அடைபட்டிருக்கும் கரியமில வாயு வெளியேறுவதால் ஆடையின் நடுவே குமிழிகள் வெடித்துச் சிறு சிறு குழிகள் விழுவதைப் பார்க்கலாம். நான்கு நிமிடம் அப்படியே விடுகிறேன். பிறகு கரண்டியால் ஆடையை மெல்லக் கலைத்தால் பொடியில் பெரும்பகுதி அடிக்குப் போய்விடும். மேலே வெளிர்ப் பழுப்பு நுரையும் சில துணுக்குகளும் மட்டும் நிற்கும். அவற்றை வழித்து எடுத்துவிடுகிறேன். அதன் பின்னும் ஐந்து நிமிடம் காத்திருக்கிறேன்.

இவ்வளவு நேரம் ஊறினால் கசக்காதா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. கசக்கவில்லை. தண்ணீர் சூடு தணியத் தணியச் சாறு இறங்கும் வேகமும் குறைகிறது. தண்ணீரும் புதிதாக மாறிக்கொண்டிருப்பதில்லை, ஏற்கெனவே சாறேறிய அதே தண்ணீர்தான். அந்த ஐந்து நிமிடத்தில் நடப்பது வேறு வேலை: நுண்தூள் அடியில் படிகிறது. எவ்வளவு நல்ல உலோகச் சல்லடையாலும் நுண்தூளைத் தடுக்க முடியாது. பொறுமையாக விட்டால் அது தானே அடங்கும். இந்த நிலையில் கம்பியை அடிவரை அழுத்தினால் படிந்ததெல்லாம் கலங்கி மேலே வரும். ஆகவே சல்லடையைக் காபியின் மேற்பரப்பைத் தொடும் அளவுக்கு மட்டும் இறக்கி, குடுவையை மெதுவாகச் சாய்த்து ஊற்றுகிறேன். கடைசிச் சிறிதளவைக் குடுவையிலேயே விட்டுவிட வேண்டும். ஆசைப்பட்டு அதையும் கவிழ்த்தால் அத்தனை நேரக் காத்திருப்பும் வீண்.

கழுவுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சல்லடை ஒரே தகடு அல்ல; மறையைக் கழற்றினால் இரண்டு மூன்று அடுக்காகப் பிரியும். இடுக்குகளில் தங்கும் எண்ணெய் சிக்கு வாடை பிடித்து, அடுத்த காபியின் மணத்தைக் கெடுக்கும். தினமும் அலசினால் மட்டும் போதாது, அவ்வப்போது பிரித்துச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும்.

இப்போது கையில் எடுத்திருப்பது தண்ணீர். தாது உப்புகளை அறவே நீக்கிய தண்ணீரில் போட்ட காபி சப்பென்று இருக்கிறது. காபியின் சுவையை இழுத்து எடுப்பதில் கால்சியமும் மக்னீசியமும் உதவுகின்றன. மிகக் கடினமான நீரோ புளிப்பின் துடிப்பை மழுக்கிவிடுகிறது. ஒரே கொட்டை, ஒரே அரைப்பு, ஒரே நேரம் வைத்துக்கொண்டு, இரண்டு நீரையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து பார்த்து வருகிறேன். பாதிக்குப் பாதி கலந்தது இதுவரை முன்னிலையில் இருக்கிறது.