42 படிகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு வீடு ரோட்டுக்கு மேலே இருக்கும், இல்லாவிட்டால் ரோட்டுக்குக் கீழே இருக்கும். ரோட்டோடு சமமாக இருக்கும் வீடு கிடைப்பது அபூர்வம். விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் பிடிக்கும் வேலைக்கு வந்த புதிதில் இதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

முதல் வருஷம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். ரோட்டிலிருந்து 42 படி இறங்க வேண்டும். அருமையான வீடு. மெழுகிப் பளபளக்கும் சிவப்புச் சீமெந்துத் தரை, விறாந்தையில் நின்றால் எதிர்மலை முழுக்கத் தேயிலை. "தம்பி, படியை மட்டும் எடுக்காதீங்க" என்றார் தரகர். நானும் எடுக்கவில்லை. படங்களைப் பார்த்துக் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அன்று நானும் அங்கேதான் இருந்தேன். முழங்கால் வலியுள்ள அம்மா வானை விட்டு இறங்கி முதல் படியில் நின்று கீழே பார்த்தார். பிறகு திரும்பிப் போய் வானிலேயே உட்கார்ந்துகொண்டார். "முன்னமே தெரிஞ்சிருந்தா அம்மாவ இவ்வளவு தூரம் அலைய வெச்சிருக்க மாட்டோமே தம்பி" என்றார் மகன். அவர் குரலில் கோபம்கூட இல்லை. கீழே ஆசிரியர் அவர்களுக்காகத் தேநீர் ஊற்றி வைத்திருந்தார். அது அப்படியே ஆறிப்போனது.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் படிகளைத்தான் முதலில் எடுக்கிறேன். படியை அழகாகவும் எடுக்கலாம். மேலிருந்து எடுத்தால் சரிவு தெரியாமல் தட்டையாகிவிடும், கீழிருந்து எடுத்தால் மலை போல மிரட்டும். பாதி தூரத்தில் ஓரமாக நின்று பக்கவாட்டில் எடுத்தால் உள்ளது உள்ளபடி வரும். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு படியும் தனித்தனியாகத் தெரியும். கைப்பிடி இருந்தால் அதுவும் படத்தில் இருக்க வேண்டும், வயதானவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

வெயிலுக்காகத்தான் இங்கே அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நோர்வூட் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளை, வெலிமடையில் காற்றும் வெயிலுமாக இருக்கும். அதனால் ஜூலையில் அந்த ஊவாப் பக்கம் போய்விடுவேன், ஹட்டன் வேலைகளை முடிந்தவரை பெப்ரவரி, மார்ச்சுக்கு ஒதுக்குவேன். எங்கே போனாலும் காலை பத்து மணிக்குள் வெளிப்படங்களை முடித்துவிட வேண்டும். மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் எதிர்மலை காணாமல் போய்விடும்.

உள்ளே எடுப்பது வேறு வேலை. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. கெமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஒரே கோணத்தில் வெளிச்சம் குறைத்து, சரியாக, கூட்டி என்று மூன்று படம் எடுத்து அப்புறம் ஒன்றாகச் சேர்ப்பேன். மின்குமிழ்களை அணைத்துவிடுவேன். குமிழின் மஞ்சளும் மேகமூட்டத்தின் நீலமும் கலந்தால் நல்ல வெள்ளைச் சுவர்கூட அழுக்காகத் தெரியும். கொடியில் காயும் துணியை எடுக்கச் சொல்வேன். சாமிப் படத்தை மட்டும் எடுக்கச் சொல்ல மாட்டேன். அது நான் எடுக்கும் படத்தின் மூலையில் விழாதபடி நான் நகர்ந்துகொள்கிறேன். வீடு விற்கிற வரைக்கும் அவர்கள் அங்கே வாழ்கிறார்களே.

அகல லென்ஸ் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். லென்ஸின் மில்லிமீட்டர் எண் குறையக் குறைய படத்தில் இடம் அகலமாகத் தெரியும்; ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சர்) கெமராவில் 20 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சின்ன அறையும் கல்யாண மண்டபம் ஆகிவிடும். என் அம்மா பிறந்த லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் ஓர் அறை, 10 அடிக்கு 12 அடி. ஏழு பேர் அதில் படுத்து எழுந்தார்கள். ஓர் அடி கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்பதை நான் அம்மாவிடம் கேட்டு வளர்ந்தவன். சேமிப்பையெல்லாம் போட்டு வீடு வாங்க வருகிறவருக்கு இல்லாத ஓர் அடியைக் காட்ட எனக்கு மனசு வராது.

வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்மேட்டையும் எடுக்கிறேன். "அது எதுக்கு?" என்று கேட்காத தரகர் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை எங்கள் ஊர்களில் யாரும் மறக்கவில்லை. வாங்க வருகிறவர் மண்மேட்டின் உயரத்தையும், தடுப்புச் சுவர் இருக்கிறதா, சுவரில் தண்ணீர் வடியத் துளை விட்டிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதம் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் நானே கேட்டுவிடுவேன். இதனால் சில தரகர்கள் என்னைக் கூப்பிடுவதில்லை.

ஆசிரியர் வீட்டை மறுபடியும் போய் எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. ஐந்தாறு மாதம் யாரும் வரவில்லை. அப்புறம் பண்டாரவளையிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்து, ஆசிரியர் கேட்டதைவிடக் கொஞ்சம் குறைத்து வாங்கினார்கள். படியிறங்கி வந்ததும் அந்தப் பெண் என்னிடம் கேட்டார்: "அண்ணா, படத்துல எண்ணிப் பாத்தோம், முப்பத்தெட்டுதான் வந்துச்சு. இங்க நாப்பத்திரண்டு இருக்கே?"

திரும்பிப் பார்த்தேன். படி வளைகிற இடத்தில் ஒரு கொய்யா மரம், அதற்குப் பின்னால் நான்கு படிகள். இப்போதெல்லாம் மரத்துக்கு அந்தப் பக்கமும் போய் ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறேன்.