கடன் வாங்கிய பாம்புகள்

கொக்குல்லோவில் வசந்தம் வந்துவிட்டது என்பதற்குச் சாட்சி சொல்ல வேண்டியது பாம்பு. மத்திய இத்தாலியில், அப்ருட்சோ மலைகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற சிற்றூர் அது. ஆண்டு முழுவதும் அங்கேயே குடியிருப்பவர்கள் 200 பேர் அளவில்தான். மார்ச் மாதம் சரிவுகளில் பனி கரைந்து, கற்சுவர்களில் வெயில் ஏறத் தொடங்கியதும் ஊர்க்காரர்கள் சிலர் துணிப்பையை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். செர்பாரி என்று அவர்களுக்குப் பெயர். வெயில் காய வெளியே வருகிற பாம்புகளை வெறுங்கையால் பிடித்து, வீட்டில் பெட்டிகளில் வைத்துப் பேணி, மே 1 அன்று தங்கள் புனிதரின் சுரூபத்துக்கு மாலைபோல் சூட்டுகிறார்கள். உயிருள்ள பாம்புகள்தான்.

இதைச் சொன்னதும் என் மாமியார் கேட்டது, "எப்போது போகிறோம்?" என்பதுதான்.

அத்தை சங்கரன்கோவில்காரர். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்களுக்கு இறைவன் காட்சி கொடுத்த தலம். புற்றுமண்தான் அங்கே பிரசாதம். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் அடிக்காமல், வெள்ளியில் ஒரு பாம்பு உருவம் வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வருகிற பழக்கத்தில் வளர்ந்தவர். ரோமுக்கு வந்ததிலிருந்து பெரிய பெரிய தேவாலயங்களை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்துவலிதான் மிச்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொக்குல்லோ என்றதும் கழுத்துவலி போய்விட்டது.

சுல்மோனாவில் அறை எடுத்துத் தங்கினோம். சர்க்கரைப் பூச்சு பூசிய பாதாம் மிட்டாய்க்குப் பெயர்பெற்ற ஊர். மிட்டாயைப் பூங்கொத்தாகக் கட்டித் தெருவெல்லாம் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பற்றி வேறொரு நாள் எழுதலாம். ரோமிலிருந்து அங்கே வருகிற ரயில் பாதைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அவெட்சானோ தாண்டியதும் தட்டையாக ஒரு சமவெளி விரிகிறது. ஃபூச்சினோ. 19ஆம் நூற்றாண்டில் வடியவைக்கும் வரை அது பெரிய ஏரி. இப்போது உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகிற வயல்கள். அந்த ஏரிக்கரையில்தான் ரோமாபுரிக்கு முந்தைய மார்சி என்ற மலைக்குடியினர் அங்கித்தியா என்ற பாம்புத் தேவதையைத் தோப்பில் வைத்துக் கும்பிட்டார்கள். மார்சிகள் மந்திரத்தால் பாம்பை மயக்குவார்கள், விஷத்தை இறக்குவார்கள் என்பது பழைய ரோமானியர்களிடம் பரவலாக இருந்த பேச்சு. 2,000 ஆண்டுகளுக்கு முன் கவிஞர் வெர்ஜில் அப்படிப்பட்ட ஒரு மார்சிப் பூசாரி போரில் மடிந்தபோது அங்கித்தியாவின் தோப்பே அழுததாகப் பாடியிருக்கிறார். அந்தத் தேவதையின் வழிபாடுதான் இன்றைய திருநாளாக மாறியது என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்கிறார்கள். இடையில் 1,000 ஆண்டுக்கு மேல் கிடக்கிறதே, அவ்வளவு நேராகக் கோடு இழுக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் ஏரி இருந்த இடத்தைக் காட்டிக் கதையைச் சொன்னபோது அத்தை ஜன்னலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். ஆராய்ச்சிக்காரர்கள் முடிவு சொல்லும் வரை அவர் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

புனிதரின் பெயர் சான் தொமேனிகோ. தோமினிக்கன் சபையை நிறுவியவர் அல்ல, அவருக்கு முந்தியவர். 951இல் ஃபொலிஞ்ஞோவில் பிறந்து பெனடிக்ட் சபைத் துறவியானவர். லாட்சியோ, அப்ருட்சோ மலைகளில் நடந்தே திரிந்து மடங்களை நிறுவி, 1031இல் சோராவில் காலமானார். பக்கத்து ஊரான வில்லலாகோவில் அவர் தவமிருந்த குகை இன்றும் இருக்கிறது. ஓநாய் தூக்கிப்போன ஒரு கைக்குழந்தையை, அந்த ஓநாயையே கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கவைத்தார் என்பது இந்த மலை மக்கள் அவரைப் பற்றிச் சொல்கிற கதை. கொக்குல்லோவை விட்டுக் கிளம்பியபோது தன் நினைவாக இரண்டு பொருள்களை விட்டுப்போனாராம்: தன்னுடைய பல் ஒன்று, தான் ஏறிவந்த கோவேறு கழுதையின் லாடம் ஒன்று. பல்வலி, பாம்புக்கடி, வெறிநாய்க்கடி மூன்றுக்கும் அவரே காவல். ஆடு மேய்த்தும் காட்டில் விறகு பொறுக்கியும் பிழைத்தவர்களுக்கு அன்றாடம் பயம் தந்தவை இவைதான். வானுலகப் பேறு பற்றியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மே 1 காலையில் ஸ்டேஷனில் இறங்கியபோதே கூட்டம் தெரிந்தது. முன்பெல்லாம் மே மாதத்தின் முதல் வியாழக்கிழமையில் நடந்த திருநாள் இது. வெளியூர்க்காரர்களுக்கு வசதியாக 2012 முதல் விடுமுறை நாளான மே 1க்கு மாற்றிவிட்டார்கள். வசதி கூடினால் கூட்டமும் கூடத்தானே செய்யும். இருநூறு பேர் ஊருக்குள் ஆயிரக்கணக்கானவர்கள். படிக்கட்டுத் தெருக்களில் பன்றி வறுவலும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் விற்கிற கடைகள், ஆட்டுத்தோல் பை கட்டிய துருத்திக் குழலை ஊதுகிறவர்கள், எல்லாருக்கும் மேலே உயர்த்திய கைபேசிகள். சிரென்தே மலை உச்சியில் பனி இன்னும் மிச்சம் இருந்தது. கீழே தோட்டங்களில் ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன.

செர்பாரிகள் தெருவிலேயே நின்றார்கள். கழுத்தில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று என்று பாம்புகளைச் சுற்றிக்கொண்டு, கேட்டவர்களிடம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். ஒன்றுகூட விஷப்பாம்பு இல்லை. பெரும்பாலானவை செர்வோனே என்கிற வகை. ஐரோப்பாவின் நீளமான பாம்புகளில் ஒன்று. ஒரு பையன் தன் செர்வோனேயை அத்தையின் முகத்துக்கு நேராக நீட்டினான். வைக்கோல் நிறம், முதுகில் நெடுக நான்கு கருங்கோடுகள், என் கை அளவுக்குத் தடிமன். மாட்டின் மடியில் பால் குடிக்கும் பாம்பு என்று இந்த மலைகளில் இதற்கு ஒரு பெயர் உண்டு. பாம்புக்குப் பால் செரிக்காது என்பதை இரண்டு நாட்டுக்காரர்களிடமும் சொல்லிப் பயனில்லை.

அத்தை முதலில் இரண்டு விரலால் தொட்டார். பிறகு உள்ளங்கையை வைத்தார். "வழவழவென்று இருக்கும் என்று நினைத்தேன். பட்டுச் சேலை மடிப்பைத் தொடுகிற மாதிரி இருக்கிறதே. சுடுகிறது வேறு" என்றார். உண்மைதான், வெயிலில் வைத்திருந்த பாம்பு எங்கள் கையைவிடச் சூடாக இருந்தது. செதில்களுக்கு அடியில் தசை ஒவ்வொரு இடமாக இறுகித் தளர்வது உள்ளங்கையில் தெரிந்தது. நாக்கு என் முழங்கைப் பக்கம் வந்து காற்றைத் தொட்டுத் தொட்டுப் போனது. நான் மூச்சுவிடவில்லை என்பதை அந்தப் பையன்தான் கவனித்துச் சிரித்தான்.

கோயிலுக்குள் வேறு உலகம். யாத்திரைக் கூட்டங்கள் தங்கள் ஊர்க் கொடியோடு பாடிக்கொண்டே வந்தன. லாட்சியோவிலிருந்து மலை தாண்டி நடந்து வருகிற கூட்டங்களும் உண்டு. புனிதரிடம் வேண்டிக்கொண்டபின் அவர்கள் திரும்பி நடக்கவில்லை. முகத்தை அவர் பக்கம் வைத்துக்கொண்டு, பாட்டையும் நிறுத்தாமல், வாசல் வரை பின்னாலேயே நடந்து வெளியேறினார்கள். ஒரு கிழவர் தடுமாறியபோது பின்னால் இருந்தவர் தோளைப் பிடித்து வழி சொன்னார். அந்த இடத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெளியே பாம்புகளைப் பார்த்தபோது வராதது.

ஒரு பக்கத்தில் மணிக்கயிறு. அதைப் பல்லால் கடித்து இழுத்து மணியடித்தால் அந்த ஆண்டு பல்வலி வராது என்பது நம்பிக்கை. வரிசையில் நின்றோம். குழந்தைகள் தொங்கினார்கள், பெரியவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு கடித்தார்கள். அத்தைக்குச் சொந்தப் பல் மூன்றுதான், மற்றதெல்லாம் பல்செட்.

"அத்தை, வேண்டாம். கழன்று வந்துவிடப்போகிறது."

"நீ சும்மா இரு. இருக்கிற மூன்றுக்காவது காவல் வேண்டாமா?"

பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்துவிட்டு, கயிற்றை முந்தானையால் துடைத்து, ஓரமாகக் கடித்து இழுத்தார். மணி அடித்தது. வரிசையே கைதட்டியது.

கோயிலின் பின்புறம் குகை போன்ற ஓர் இடம். அங்கிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு போகிறார்கள். வீட்டைச் சுற்றியும் வயல் ஓரத்திலும் தூவினால் விஷ ஜந்துகள் அண்டாதாம். இதை நான் அத்தைக்கு விளக்கவேண்டிய அவசியமே வரவில்லை. முன்னால் இருந்த கிழவி மண்ணைக் காகிதத்தில் மடிப்பதைப் பார்த்ததும், "புற்றுமண்" என்று சொல்லிவிட்டு, அவரிடமே ஒரு காகிதம் வாங்கிக்கொண்டார். மொழி தெரியாத இரண்டு பேரும் எவ்வளவு அள்ளவேண்டும் என்பதைப் பற்றிச் சைகையில் கொஞ்ச நேரம் வாதாடினார்கள்.

நண்பகலில் சுரூபம் வாசலுக்கு வந்தது. மரத்தாலான புனிதர், தோள்களில் சுமக்கிற சப்பரம். செர்பாரிகள் நெருங்கிவந்து ஒவ்வொன்றாகப் பாம்பைத் தோளிலும் கழுத்திலும் வைத்தார்கள். அவை உயரத்தைத் தேடி மேலே ஏறின. சில நிமிடங்களில் புனிதரின் மார்பே தெரியவில்லை. தலைக்குப் பின்னால் இரண்டு தலைகள் எட்டிப்பார்த்தன. பாம்பு கண்ணை மறைத்துவிட்டால் அந்த ஆண்டுக்கு நல்ல சகுனம் இல்லை என்பார்கள். அதனால் கூட்டமே அந்த மர முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்று நெற்றிவரை வந்தது. பக்கத்தில் ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டார். அது என்ன நினைத்ததோ, திரும்பிக் காதுப் பக்கம் இறங்கிவிட்டது.

பவனியில் பழைய உடை அணிந்த இரண்டு இளம்பெண்கள், வளைய வடிவ இனிப்பு ரொட்டிகள் வைத்த கூடையைத் தலையில் சுமந்து போனார்கள். சப்பரத்துக்குப் பாண்டு வாத்தியம். தெரு குறுகுகிற இடத்தில் தூக்குகிறவர்கள் நின்று, கீழே நழுவப்பார்த்த பாம்பை எடுத்து மறுபடி மேலே வைத்துவிட்டு நடந்தார்கள். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. கைபேசிகளின் காடு மறைத்துவிட்டது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஒரு மணி நேரம் இந்தத் திருநாளின் உச்சம் என்று எனக்குப் படவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் பாம்பை மட்டும் பார்த்துவிட்டுப் பன்றி வறுவல் வரிசைக்குப் போய்விட்டார்கள்.

திருநாளின் மறுபாதி எனக்கு மறுநாள் கிடைத்தது. செர்வோனேயை நீட்டிய அந்தப் பையன் ரோமில் படிக்கிறவன்; பாட்டனார் ஊர் இது. பிடித்த பாம்புகளைத் திருப்பி விடப்போவதாகச் சொன்னான். கூடவே வரலாமா என்று கேட்டேன். அத்தையின் மூட்டுவலியைக் கணக்கில் எடுத்து, எட்டக்கூடிய ஓர் இடத்துக்கு அழைத்துப்போனான். ஊருக்குக் கீழே இடிந்த ஆட்டுப்பட்டியை ஒட்டிய பாதை. ஓரமெல்லாம் ஓராப்பி என்கிற காட்டுக்கீரை. ஆடுகள் அடைந்த இடத்தில்தான் அது செழிக்கும் என்றான். வழியிலேயே அத்தை ஒரு மடி பறித்துவிட்டார்.

பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் பிடித்த தேதியும் இடமும் எழுதியிருந்தது. செர்வோனே ஐரோப்பியச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட இனம். திருநாளுக்குப் பிடிக்கவே அரசின் தனி அனுமதி வேண்டும். கால்நடை மருத்துவர்களும் ஊர்வன ஆய்வாளர்களும் ஒவ்வொன்றையும் அளந்து, நிறுத்து, வாயில் புண் இருக்கிறதா என்று பார்த்து, தோலுக்கடியில் நெல்மணி அளவு சிப் வைத்துப் பதிவு செய்கிறார்கள். எங்கே பிடித்தார்களோ அங்கேயே விடவேண்டும். சட்டம் வருவதற்கு முன்பும் தாத்தா அப்படித்தான் செய்தார் என்றான் பையன். மலையிடம் கேட்டு வாங்கிப் புனிதருக்குக் காட்டிவிட்டு மலையிடமே கொடுத்துவிடுவது. இந்த ஊரின் பக்தி சப்பரத்தில் இருப்பதைவிட அந்தச் சீட்டில் அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் ஒரு புனிதருக்காக விடியற்காலையில் கற்சுவர் ஒவ்வொன்றாக நடந்து பார்ப்பதும், பிறகு அதே சுவரைத் தேடி மறுபடி நடப்பதும் எந்தக் கேமராவிலும் விழுவதில்லை.

பெட்டியைத் திறந்து சுவரடியில் சாய்த்தான். பாம்பு உடனே போகவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு இரண்டு கல்லுக்கு நடுவே மெதுவாக நுழைந்தது. வால் போய்ச்சேர வெகுநேரம் ஆனது.

"அடுத்த வருடமும் இதையே பிடிப்பாயா என்று கேள்" என்றார் அத்தை.

கேட்டேன். சிப்பை வைத்துப் பார்த்தால் முன்பே வந்துபோன பாம்புகள் மறுபடி கிடைப்பது உண்டு, சில பாம்புகள் பலமுறை புனிதரின் தோளில் ஏறியிருக்கின்றன என்றான் பையன். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அத்தை கீரை மடியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "அதற்கும் ஏதாவது வேண்டுதல் பாக்கி இருக்கும்."