ஏஞ்சல் வாங்குவதானால் தொட்டியில் பிறந்ததையே வாங்குங்கள்

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியான ரீஃப் டேங்க் ஓரளவு நிலைத்து, கோரல் (பவளம்) எல்லாம் நன்றாக விரிய ஆரம்பித்ததும் அடுத்து எல்லோருக்கும் வருகிற ஆசை ஒரு ஏஞ்சல் மீன். ஆசைப்படுவதில் தப்பே இல்லை, கடல் மீன்களில் அந்த நிறமும் அந்த நடையும் வேறு எதற்கும் கிடையாது. ஆனால் எந்த ஏஞ்சல், எங்கிருந்து வந்த ஏஞ்சல் என்று பார்த்து வாங்குங்கள் என்பதுதான் கேட்கிற நண்பர்களிடமெல்லாம் நான் சொல்வது. தொட்டியில் முட்டையிலிருந்து பொரித்து வளர்த்த ஏஞ்சல் இன்று கடையில் கிடைக்கிறது. கிடைக்கிற வகையில் உங்களுக்குப் பிடித்தது ஒன்று இருந்தால், விலை கூட இருந்தாலும் அதையே எடுங்கள்.

சென்னையிலிருந்து படிப்பவர்களுக்கு முதலில் ஒன்று. கொளத்தூர் கடைகளில் ஏஞ்சல் என்று விற்பது அமேசான் ஆற்று மீனின் வம்சம், நன்னீர் மீன், இங்கே நான் பேசுவது அதைப் பற்றி இல்லை. அந்த நன்னீர் ஏஞ்சல் பல தலைமுறையாகப் பண்ணையில்தான் பிறக்கிறது, அதை ஆற்றில் பிடித்தார்களா என்று யாரும் கேட்பதுகூட இல்லை. கடல் ஏஞ்சல் கதை நேர் எதிர். கடையில் நீங்கள் பார்க்கும் கடல் ஏஞ்சல்களில் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறையில் பிடிக்கப்பட்டு, பையில் கட்டப்பட்டு, விமானம் ஏறி வந்தவை. இன்னொன்று, இந்தியாவில் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, அதனால் அங்கே ரீஃப் டேங்க் என்று இறங்குவதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் அமெரிக்காவில் இருக்கிறேன், கீழே எழுதுவதெல்லாம் இங்கே கடையில் கிடைப்பதை வைத்துத்தான்.

ஏன் இத்தனை காலம் கடல் ஏஞ்சலைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய முடியவில்லை என்பது தெரிந்தால் விலையைப் பார்த்துக் கோபம் வராது. கோமாளி மீன் பாறை மேல் முட்டையை ஒட்டி வைத்து அப்பா மீன் காவல் காக்கும், பொரித்து வரும் குஞ்சுக்கு அன்றைக்கே கண்ணும் வாயும் இருக்கும், ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீர் உயிரியைப் போட்டால் சாப்பிடும், பத்துப் பன்னிரண்டு நாளில் குட்டி மீனாகிவிடும். மண்டபத்தில் மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிலையம்கூட கோமாளி மீன் பொரிப்பதைச் செய்துகாட்டியிருக்கிறது. ஏஞ்சல் அப்படி இல்லை. பொழுது சாயும் நேரத்தில் ஆணும் பெண்ணும் தண்ணீரில் மேலெழும்பி முட்டையையும் விந்தையும் ஒரு கணத்தில் விட்டுவிட்டுப் போய்விடும். முட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மிதக்கும், ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். பொரித்து வருவதற்கு வாயே திறந்திருக்காது, கண்ணும் வளர்ந்திருக்காது, வயிற்றோடு ஒட்டிய பையில் இருக்கும் கொஞ்சம் மஞ்சள் கருதான் சாப்பாடு. மூன்றாம் நாள் வாக்கில் வாய் திறக்கும்போது அந்த வாய் மிகச் சிறியது, மீன் வளர்ப்பவர்கள் வழக்கமாகப் போடும் ரோட்டிஃபர் 0.1 மில்லிமீட்டருக்கும் மேல், அது உள்ளே போகாது. எத்தனையோ பேர் எத்தனையோ தடவை முட்டை எடுத்துப் பொரிக்க வைத்து அங்கேயே எல்லாவற்றையும் இழந்தார்கள்.

அட்லாண்டிக் பகுதியின் பிரெஞ்சு ஏஞ்சல், சாம்பல் ஏஞ்சல் இரண்டையும் ஃப்ளோரிடாவில் மார்ட்டின் மோ 1970-களிலேயே வளர்த்துக் காட்டிவிட்டார், அவை பெரிய வகை. ரீஃப் டேங்குக்கு ஏற்ற குள்ள ஏஞ்சல்களுக்கு வழி திறந்தது 2000-களின் தொடக்கத்தில், ஹவாயில் ஃபிராங்க் பேன்ஷ் கோப்பபாட் என்ற நுண்ணிய கடல் உயிரியின் குஞ்சுகளை முதல் உணவாகக் கொடுத்தபோதுதான். பார்வோகலானஸ் என்றொரு கோப்பபாட் வகை இருக்கிறது, அதன் குஞ்சு ரோட்டிஃபரைவிடச் சிறியது, அந்த வாய்க்குள் போகும், தண்ணீரில் துடித்துத் துடித்து நகர்வதால் லார்வாவின் கண்ணிலும் படும். அந்தக் கோப்பபாடை வளர்க்க உயிருள்ள பாசி வேண்டும், பாசியை வளர்க்கத் தனியாக ஆள் வேண்டும், குள்ள ஏஞ்சல் லார்வா நிலையைத் தாண்ட ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும், அத்தனை நாளும் ஒரு வேளைகூட உணவு தவறக்கூடாது. கடலில் பிடித்ததைவிட இரண்டு மடங்கு விலை சொன்னால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று இப்போது புரியும். எனக்கு அந்த உழைப்பின் மேல் பெரிய மரியாதை உண்டு, அதை வாங்குகிறவர் இருந்தால்தான் அந்தப் பண்ணை அடுத்த வகையை முயன்று பார்க்கும்.

இப்போது இந்த வேலையில் பெயர் பெற்றவர்கள் பலாவ் தீவிலும் அமெரிக்காவிலும் இயங்கும் பயோட்டா, இந்தோனேசியாவின் பாலியில் இருக்கும் பாலி அக்வாரிச். கோரல் பியூட்டி என்ற குள்ள ஏஞ்சல், பொமகாந்தஸ் இனத்தின் சில பெரிய வகைகள், கிளாரியன் ஏஞ்சல் வரை வந்துவிட்டது. கிளாரியன் மெக்சிகோவின் ரெவியாஹிஹேடோ தீவுகளைச் சுற்றி வாழ்வது, 2016-இல் அதை சைட்ஸ் என்ற அழியும் உயிரின வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் சேர்த்தார்கள். ஒரு குட்டியின் விலையே மிக அதிகம், நம்மில் யாரும் அதை வாங்கப்போவதில்லை, ஆனால் வாழும் இடம் இவ்வளவு குறுகிய ஒரு மீன் தொட்டியில் பிறக்கிறது என்பது எனக்கு நிஜமாகவே சந்தோஷமான விஷயம்.

கடலில் பிடித்ததெல்லாம் பாவம் என்று நான் சொல்லவில்லை. மார்ஷல் தீவுகளிலிருந்து வரும் ஃப்ளேம் ஏஞ்சல்களை வலை வைத்துக் கவனமாகப் பிடிக்கிறார்கள், அதை நம்பி வாழும் குடும்பங்கள் இருக்கின்றன, கோரல் பியூட்டியும் ஃப்ளேமும் கடலில் அழியும் நிலையில் இல்லை. பிரச்சினை கடைக்காரர் "இந்தோனேசியா" அல்லது "பிலிப்பைன்ஸ்" என்று மட்டும் சொல்லும்போது வருகிறது. 1960-களில் பிலிப்பைன்ஸில் தொடங்கிய சயனைடு பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீய்ச்சினால் மீன் மயங்கி வரும், சுற்றியிருக்கும் பவளம் வெளுத்துச் சாகும், மயங்கிய மீனின் கல்லீரல் கெட்டிருக்கும். உங்கள் தொட்டியில் சில வாரம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஒரு நாள் காரணமே தெரியாமல் செத்துக் கிடக்கும். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து அதைக் கண்டுபிடிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஹவாயில் வேறு விதமாகப் போனது. சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் உரிமம் கொடுக்கக்கூடாது என்று 2017-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 2021-க்குள் வணிகத்துக்காகப் பிடிப்பது மாநிலம் முழுக்க நின்றது. அங்கே வாழும் பாட்டர்ஸ் ஏஞ்சல் கடைகளில் அரிதாகிவிட்டது. கடலை மட்டும் நம்பினால் இப்படித்தான், ஒரு நாள் வரத்து நின்றுவிடும்.

சரி, தொட்டியில் பிறந்தது வாங்கினால் உங்களுக்கு என்ன லாபம்? முதலும் முக்கியமும் சாப்பாடு. கடலில் நாள் முழுக்கப் பாறையைக் கொறித்துத் திரிந்த மீனுக்குப் பெல்லட் என்றால் என்னவென்றே தெரியாது, சில சாப்பிடாமலே மெலிந்து போகும். தொட்டியில் பிறந்தது பெல்லட்டிலேயே வளர்ந்தது, நீங்கள் கிட்டே போனாலே மேலே வந்து நிற்கும். என்னிடம் இருக்கும் கோரல் பியூட்டி வந்த அன்றே சாப்பிட்டது. இரண்டாவது, ஆளைக் கண்டு பயப்படாது, பாறைக்குப் பின்னாலேயே ஒளிந்து கிடக்காது. மூன்றாவது, அதன் வயது உங்களுக்கு ஓரளவு தெரியும், முழு ஆயுளும் உங்களோடுதான்.

கிடைக்காத லாபம் ஒன்று இருக்கிறது, அதை விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். தொட்டியில் பிறந்தது கோரலைக் கடிக்காது என்று ஒரு பேச்சு உலவுகிறது. நம்பாதீர்கள். கொறிப்பது அதன் உடம்போடு பிறந்த குணம், எங்கே பிறந்தாலும் ஏஞ்சல் ஏஞ்சல்தான். வயிறு நிறைந்திருந்தால் குறைவாகக் கடிக்கும், குட்டியாக இருக்கும்வரை அநேகமாகச் சும்மா இருக்கும், வளர்ந்த பிறகு என்ன செய்யும் என்பது அந்தந்த மீனைப் பொறுத்தது. என் அனுபவத்தில் முதலில் மாட்டுவது சதைப்பற்றான எல்பிஎஸ் கோரல்கள் (பெரிய தலைகள் கொண்ட கல் பவளங்கள்), டிராக்கிஃபிலியா, அகான் மாதிரி. அப்புறம் பொத்தான் மாதிரி இருக்கும் சோவா. ட்ரைடாக்னா சிப்பி வைத்திருப்பவர்கள் அதன் வெளியே விரியும் சதை உதட்டை இழக்கத் தயாராக இருந்தால் மட்டும் குள்ள ஏஞ்சலை விடுங்கள். எஸ்பிஎஸ் (மிகச் சிறிய தலைகள் கொண்ட கல் பவளம்) மட்டும் நிறைந்த தொட்டி என்றால் பயம் குறைவு. ஐந்நூறு டாலர் கோரல் ஒன்று நடுவில் இருக்கிறது, அது போனால் தாங்கமாட்டேன் என்பவர்கள் குள்ள ஏஞ்சலே வேண்டாம் என்று விட்டுவிடலாம், அதுவும் நல்ல முடிவுதான்.

அப்படிப்பட்டவர்களுக்கு கெனிகாந்தஸ் வகை இருக்கிறது. லமார்க், பெல்லஸ், வட்டனபே எல்லாம் இதில் வரும். இவை பாறையைக் கொறிப்பதில்லை, நடுத்தண்ணீரில் மிதந்து வரும் சிறு உயிர்களைப் பிடித்துச் சாப்பிடுபவை, கோரலைப் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறம், பெண்கள் மட்டும் இருக்கும் கூட்டத்தில் பெரிய பெண் ஆணாக மாறும். நீளமாக நீந்த இடம் வேண்டும், 400 லிட்டருக்குக் கீழே யோசிக்காதீர்கள், மூடி கட்டாயம், குதிக்கும். தொட்டியில் பிறந்த கெனிகாந்தஸ் கோரல் பியூட்டி அளவுக்கு எளிதாகக் கிடைப்பதில்லை என்பதுதான் குறை.

எனவே முதல் ஏஞ்சல் வாங்குகிறவருக்கு என் தேர்வு கோரல் பியூட்டி. நீலமும் ஊதாவும் ஆரஞ்சுமாக இருக்கும், முழு வளர்ச்சி 10 சென்டிமீட்டர், 250 லிட்டரில் வசதியாக வாழும். எம்பரர் குட்டியை மட்டும் அழகைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். கருநீல உடம்பில் வெள்ளை வளையங்களோடு அது விரல் நீளத்தில் இருக்கும்போது யாருக்குத்தான் பிடிக்காது, ஆனால் அது 40 சென்டிமீட்டர் வரை வளரும், வளையமெல்லாம் போய் மஞ்சள் கோடாக மாறும், 800 லிட்டருக்குக் குறைவான தொட்டியில் அது படும் பாடு பார்க்க முடியாது. பெரிய தொட்டி பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்பவர்களில் நிஜமாக வாங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டியது கடல் மீனுக்கும் இதற்கும் கொஞ்சம் வேறு. கடல் மீனில் நோயையும் மெலிவையும் தேடுவோம், இதில் உருவத்தையும் சேர்த்துத் தேட வேண்டும், ஏனென்றால் கடலில் இருந்தால் செத்துப்போயிருக்கும் ஊனமான குஞ்சுகூடப் பண்ணையில் பிழைத்துவிடும். செவுள் மூடி முழுதாக மூட வேண்டும், உள்ளே இருக்கும் சிவப்பு வெளியே தெரியக்கூடாது, இரண்டு பக்கமும் பாருங்கள். வாய் நேராக மூட வேண்டும். முதுகு வளைந்திருக்கக்கூடாது. தலைக்குப் பின்னால் குழி விழாமல் சதை இருக்க வேண்டும். நிறம் கொஞ்சம் மங்கியிருந்தால் பரவாயில்லை, நல்ல உணவு கொடுத்தால் ஓரளவு தேறும், கோடு ஒன்று விலகி இருப்பதும் குறை இல்லை. அப்புறம் கடைக்காரரிடம் உணவு போடச் சொல்லுங்கள், உங்கள் கண்முன்னால் சாப்பிட வேண்டும். எந்தப் பண்ணையில் பிறந்தது என்று கேளுங்கள், ஏனென்றால் கடலில் குட்டியாகப் பிடித்துத் தொட்டியில் சில மாதம் வளர்த்ததையும் இதே வரிசையில் வைத்து விற்பவர்கள் உண்டு. அதுவும் பெல்லட் சாப்பிடும், ஆனால் கொடுக்கிற விலை எதற்கு என்று நீங்கள் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

தொட்டியில் பிறந்தது நோயில்லாதது என்று நினைத்து நேராகக் கொட்டிவிடாதீர்கள். பண்ணையில் சுத்தமாக இருந்திருக்கும், கடைத் தண்ணீர் எல்லா மீனுக்கும் பொதுவானது, வெல்வெட், இக் என்ற ஒட்டுண்ணி நோய்கள் அங்கேதான் தொற்றும். தனித் தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். காப்பர் மருந்து போட்டால் குள்ள ஏஞ்சல்கள் சிலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, அளவை மெதுவாக ஏற்றுங்கள், தினமும் சோதித்துப் பாருங்கள்.

பெரிய தொட்டிக்கு மாற்றும்போது அதன் அளவை மறக்காதீர்கள். 4 சென்டிமீட்டர் குட்டி, உங்கள் டாங் மீன் அதைவிட மூன்று மடங்கு, அங்கே நெடுநாளாக ஆட்சி செய்வது. ஓட்டை போட்ட பெட்டிக்குள் வைத்துத் தொட்டியில் தொங்கவிடுங்கள், மற்ற மீன்கள் அதைப் பார்த்துச் சலிக்கட்டும், பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் திறந்துவிடுங்கள். குள்ள ஏஞ்சல் இரண்டு வேண்டுமென்றால் ஒரே நேரத்தில், ஒன்று பெரிது ஒன்று சிறிதாக, குட்டியாக இருக்கும்போதே விடுங்கள், பெரியது ஆணாகும். ஏற்கெனவே ஒன்று இருக்கும் தொட்டியில் பிறகு இன்னொன்றைச் சேர்ப்பது சண்டையில் முடியும். உணவை ஒரே நேரம் கொட்டாமல் மூன்று நான்கு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள், நோரி என்ற கடற்பாசித் தாள் ஒன்றைக் காலையில் கிளிப்பில் மாட்டிவிடுங்கள், ஸ்பைருலினா கலந்த பெல்லட் இருக்கட்டும், நேரத்துக்குத் தானாக உணவு போடும் ஆட்டோ ஃபீடர் வாங்கினாலும் நல்லது, வேலைக்குப் போகிற நேரத்தில்தான் அதற்குப் பசிக்கும், பசித்தால் எல்பிஎஸ் பக்கம் போகும்.