வெண்கல நட்சத்திரம்

இன்று காலை ஆங்கில விக்கிப்பீடியாவில், ‘சிறப்புக் கட்டுரை’ என்னும் அதன் மிக உயர்ந்த தரத் தகுதிக்காக முன்வைக்கப்பட்ட ஒரு கட்டுரையின் பரிந்துரைப் பக்கத்தைப் படித்தேன். அடிக்குறிப்பில் இரண்டு பக்க எண்களுக்கு நடுவே இருந்த கோடு குட்டையாக இருக்கிறது, அங்கே சற்று நீண்ட கோடுதான் வர வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

கட்டுரையை எழுதியவரும் முகம் சுளிக்காமல் திருத்திவிட்டு நன்றி சொல்லியிருந்தார். இருவருக்கும் இதில் ஒரு காசு கூலி கிடையாது.

கோட்டோடு விட்டுவிடுவதில்லை. ஒருவர் தகவல்களை மூலநூலோடு ஒப்பிடுவார், இன்னொருவர் படங்களின் உரிமத்தைத் துருவுவார். இது வாக்கெடுப்பு அன்று. பலர் ஆதரித்தாலும், ஒருவர் காரணத்தோடு எழுப்பிய மறுப்புக்கு விடை கிடைக்காவிட்டால், ஒருங்கிணைப்பாளர் பரிந்துரையை ஏற்காமலே முடித்துவைக்கலாம்.

தேறினால் கட்டுரையின் மேல் மூலையில் வெண்கல நிற நட்சத்திரம். 2004 முதல் முதற்பக்கத்தில் நாளுக்கொன்றாக வரும் கட்டுரைகள் இவற்றிலிருந்தே எடுக்கப்படுகின்றன. பின்னாளில் தரம் சரிந்தால், மறுஆய்வில் நட்சத்திரம் பறிபோகவும் செய்யும்.

எனக்குள்ள மனக்குறை வேறு. தன்னார்வலர்கள் தமக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள் என்பதால், சூறாவளிகளும் போர்க்கப்பல்களும் பழைய நாணயங்களும் நட்சத்திரம் பெற்றவற்றின் பட்டியலில் வரிசைகட்டி நிற்க, பள்ளிப் பிள்ளைகள் அன்றாடம் தேடும் அடிப்படைப் பொருள்கள் பல வெளியே கிடக்கின்றன. பரந்த பொருளொன்றை விடுபடலின்றி எழுதிச் சான்று காட்டுவது ஒரேயொரு கப்பலைப் பற்றி எழுதுவதைவிடப் பன்மடங்கு கடினம். ஆனால் இரண்டுக்கும் இங்கே அதே அளவுகோல், அதே நட்சத்திரம்.