பேஸ்பால் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

முதலில் ரன்னை விடுங்கள். பந்து வீசும் பிட்சருக்கும் மட்டையாளருக்கும் நடுவே ஓடும் கணக்கைப் பாருங்கள், ஆட்டத்தின் உயிர் அங்கேதான்.

60 அடி 6 அங்குல தூரத்திலிருந்து பந்து வருகிறது. ஹோம் பிளேட்டுக்கு (மட்டையாளர் பக்கத்தில் நின்று ஆடும் தரைப் பலகை) நேர் மேலே, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில் வந்ததை அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக். மட்டையை வீசிப் பந்தைத் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். மூன்று சேர்ந்தால் அவுட். அந்த எல்லைக்கு வெளியே போகும் பந்தை ஆடாமல் விட்டால் 'பால்'. நான்கு பால் சேர்ந்தால் முதல் பேஸுக்கு (ஓடிச் சேர வேண்டிய முதல் நிலை) நடந்தே போகலாம்.

ஹோம் பிளேட்டிலிருந்து முதல், மூன்றாம் பேஸ்கள் வழியே போகும் கோடுகளுக்கு வெளியே அடித்தால் ஃபவுல், அதுவும் ஸ்ட்ரைக்தான். ஆனால் இரண்டு ஸ்ட்ரைக் ஆனபிறகு மட்டையை வீசி அடித்த ஃபவுல், யாரும் பிடிக்காதவரை, கணக்கில் ஏறாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. அவுட்டின் விளிம்பில் நிற்பவர் பந்து பந்தாகத் தட்டிவிட்டு பிட்சரைக் களைக்க வைப்பதைப் பார்க்க வேண்டும்!

மற்றதெல்லாம் எளிது. 90 அடி இடைவெளியில் பேஸ்கள், சுற்றி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன். மூன்று அவுட்டானால் அடுத்த அணி ஆடும். இரு அணிகளும் ஒருமுறை ஆடி முடித்தால் ஒரு இன்னிங்ஸ். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ், சமன் என்றால் அப்புறமும் தொடரும். 1920 மே 1 அன்று அமெரிக்காவின் புரூக்ளின், பாஸ்டன் அணிகள் இருட்டும்வரை 26 இன்னிங்ஸ் ஆடி 1-1 என்று முடித்தன. இரண்டு பக்கமும் முதல் பந்திலிருந்து கடைசி வரை ஒரே பிட்சர்!