நீட்டிய கை

தவக்காலம் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டுக் காரில் ஏறியதும் மகள் கேட்டாள்: "அம்மா, ஆச்சி வீட்ல குடிக்கத் தண்ணி இருக்குல்லா?"

பாளையங்கோட்டையில் குழாயைத் திறந்தால் தாமிரபரணி வரும் வீடு அது. போன லீவுக்கு அந்தத் தண்ணீரில் ஆட்டம் போட்டவள்தான் இவள். வகுப்பில் அன்றைக்கு இந்தியக் கிராமம் ஒன்றைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், நிஜமான கவலையோடு, "உன் பாட்டிக்குத் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறான். பதில் தெரிந்த பிள்ளை என்னிடம் வந்து உறுதி செய்துகொள்கிறாள். அதுதான் சுருக்கென்றது.

சிட்னியின் மேற்குப் பக்கம் இருக்கிறோம். நாங்கள் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ.; பள்ளி கத்தோலிக்கப் பள்ளி. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் பிள்ளைகளுக்குப் பான்கேக். மறுநாள் நெற்றியில் சாம்பலோடும் கையில் தட்டையான ஒரு அட்டையோடும் வருவார்கள். மடித்தால் உண்டியல். கரித்தாஸ் ஆஸ்திரேலியா என்ற கத்தோலிக்க உதவி அமைப்பு 1960களிலிருந்து நடத்திவரும் 'ப்ராஜெக்ட் கம்பாஷன்' நிதி திரட்டல் அது. ஈஸ்டர் வரை சில்லறை சேரும். எங்கோ இருக்கும் மனிதர்களின் கதைகளும் கூடவே வரும். நல்ல காரியம், நானும் மனதாரப் போடுகிறேன். என் ஆதங்கம் பெட்டியின் மேல் இல்லை. கொடுக்கிறவர்கள் இந்தப் பக்கம், வாங்குகிறவர்கள் அந்தப் பக்கம் என்று சின்னப் பிள்ளைகளின் மனதில் தானாக ஒரு கோடு விழுந்துவிடுகிறது. என் மகள் எந்தப் பக்கம் நிற்பாள்?

அன்று ராத்திரி அவளுக்குப் பிடியரிசியைப் பற்றிச் சொன்னேன். உலையில் போடும் முன் அம்மா ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். சபைக்காக அதை வாங்க வரும் அக்கா வீட்டில் பல நாள் அடுப்பு எரியாது. அந்த அக்காவும் தன் பங்குக்கு ஒரு பிடி வைப்பாள். சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில் அவளும், கடை முதலாளியும், தெருவில் திரிகிறவரும் ஒரே பந்தியில்தான் இலைக்கு முன்னால் உட்காருவார்கள். யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று அந்தக் குழம்பு மணத்தில் எவருக்கும் நினைவிருக்காது.

இங்கே வேர் பிடித்துவிட்டோம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் லெந்து நாட்கள், அதாவது இந்தத் தவக்காலம், வந்தால் மனது ஊருக்கு ஓடிவிடுகிறது. இங்கே அப்போது வெயில் தணிந்து இலையுதிர் காலம் வருகிறது. அங்கே தார் ரோடு கொதிக்கத் தொடங்கும். 1826இல் எழும்பிய ஊசிக்கோபுரத்துக் கோயிலுக்கு நாங்கள் போகிற வழியில், பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகளும் வரிசையாக வருவார்கள். ஒருநாள் நான் ஒரு அக்காவுக்கு உதவுவதாக அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போனேன். என் டீச்சர் நிறுத்தினார்கள். "இழுக்காதட்டி. உன் கைய நீட்டு. அவ முழங்கைக்கு மேல பிடிச்சுக்கிடுவா. நீ அரை எட்டு முன்னால நட, போதும்." அந்த அக்கா சிரித்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடந்த தூரமெல்லாம் அவள்தான் எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். இரக்கம் என்பதை எனக்கு யாரும் அதைவிடத் தெளிவாகக் கற்றுத் தந்ததில்லை.

இந்தப் பள்ளியிலும் அது இருக்கிறது, உண்டியலுக்கு வெளியே. மழலை வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெரிய வகுப்புப் பிள்ளை ஒருவரைத் துணையாக வைக்கிறார்கள், 'பட்டி' என்பார்கள். மகள் முதல்நாள் இங்கிலீஷ் புரியாமல் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு வாய்த்தது லெபனான் குடும்பத்துப் பெண் ஒருத்தி. அவள் சமாதானம் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தாள், சுண்டு விரலை மட்டும் நீட்டிக்கொண்டு சும்மா இருந்தாள். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்த பிறகும் அந்த விரல் மடங்கவில்லை. கடைசியில் என் மகள் பிடித்துக்கொண்டாள். நான் காருக்குள் போய் அழுதேன். இந்த ஊரில் என் பிள்ளை வாழ்ந்துவிடுவாள் என்று நான் நம்பியது அன்றைக்குத்தான்.

தண்ணீர் விஷயத்தை வகுப்பாசிரியையிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அடுத்த வாரம் மகளையே பேச வைத்தார். ஆச்சியின் பிடியரிசிப் பானையைப் போட்டோவில் காட்டியிருக்கிறாள். "எங்க டெய்ட்டாவும் இப்படித்தான் செய்வாங்க" என்று ஒரு பிள்ளை கையைத் தூக்கியதாம். டெய்ட்டா என்றால் லெபனான்காரர்களுக்குப் பாட்டி. தண்ணீர் கேட்ட பையன், இந்தியா போனால் ஆச்சி வீட்டில் தங்கலாமா என்று கேட்டிருக்கிறான்.

வருகிற வருஷம் மகளும் ஒரு சின்னப் பிள்ளைக்குப் பட்டி. இப்போதே வீடியோ காலில் ஆச்சியோடு ஆலோசனை நடக்கிறது. பிள்ளை அழுதால் கொடுக்கக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் அனுப்புகிறேன் என்றார்கள் ஆச்சி.

"பள்ளிக்கூடத்துக்குக் கடலை கொண்டு போகக் கூடாது ஆச்சி. சில பிள்ளைங்களுக்கு ஒத்துக்காது, மூச்சு அடைச்சிரும்."

"அப்படியாட்டி? அப்போ வேண்டாம். எள்ளு மிட்டாய் ஆகுமா?"

அதற்கும் ஆகாத பிள்ளைகள் உண்டாம். டீச்சரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன் என்று இருக்கிறாள்.